தொடுமுன் போடும் எடை

நம் சங்கத் தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டபின் எழுதாமல் இருப்பது முறையல்ல. எண்வகைத் தேர்வை நான் இங்கே விளக்கப் போவதில்லை. மலரைப் பிரிப்பவர்கள் அதில் வளர்ந்தவர்கள்.

நம்மிடையே நாடியை முன்வைப்பவர்கள் ஒரு வழி. தேரையரைப் பின்பற்றி நீர்க்குறி, நெய்க்குறியை நம்புவோர் இன்னொரு வழி. வினாதலில் பாதி நோய் பிடிபடும் என்போரும் உண்டு. மூன்று வழிக்கும் மூத்தோர் இங்கே இருக்கிறார்கள், எல்லோரையும் வணங்குகிறேன்.

என் ஆசான் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்தவர். வந்தவர் திண்ணையில் உட்காருமுன்னே ஊர், மாதம், வயது மூன்றையும் வைத்து மனத்தில் ஓர் எடை போட்டுவிடுவார். குறிஞ்சி நிலத்துக்கு இரத்தத்தை உறிஞ்சும் சுரத்தையும் வயிற்றுக் கட்டியையும் பதார்த்த குண சிந்தாமணி சொல்கிறதே, அந்த எடைதான். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் இங்கே ஏறத் தயங்கிய காலத்தைக் கேட்டறிந்த நமக்கு அதன் பொருள் தெரியும். அதன் பிறகுதான் மணிக்கட்டைத் தொடுவார். ஒவ்வொரு குறியும் அந்த எடையைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். எந்தக் குறியும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

இதையே இங்கிலாந்தில் தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் கணிதமாக எழுதி வைத்தார். அவர் மறைந்தபின் நண்பர் ரிச்சர்டு பிரைஸ் முயற்சியில் 1763இல் அது அச்சேறியது. பேச்சுக்கு ஒரு கணக்கு: 1,000 பேரில் 10 பேருக்கு நோய். குறி அவர்களில் 9 பேரிடம் தெரிகிறது. நோயில்லாத 990 பேரில் 99 பேரிடமும் தெரிகிறது. குறி கண்ட 108 பேரில் நோயாளி 9 பேர்தான். காய்ச்சல் பருவத்தில் நோயாளிகள் 200 பேர் என்றால், அதே குறி 180 நோயாளிகளிடமும் 80 நலமானவர்களிடமும் தெரியும்; பத்துக்கு ஏழு பேர் நோயாளிகள். குறி மாறவில்லை, பருவம் மாறியது.

ஆசானிடம் இன்னொரு கண்டிப்பு. நாடி பார்த்தவர் நெய்க்குறி பார்க்கக் கூடாது. நாடியில் பித்தம் என்று முடிவுகட்டியவர் கண்ணுக்கு எண்ணெய் மோதிரமாகத்தான் பரவும். அது இரண்டாவது சாட்சி ஆகாது. அதனால் என்னை உள்ளே கூப்பிடாமல் கிண்ணத்தை மட்டும் வெளியே அனுப்புவார். இரண்டும் ஒவ்வாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குக் கீழே அனுப்பத் தயங்கியதில்லை.

இன்று சிலர் (நம் உறுப்பினர்களைச் சொல்லவில்லை) விரல் வைத்த மூச்சிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணெய்க் குளியல் முடிந்து வந்தவருக்கும், வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவருக்கும் உடனே நாடி பார்க்கிறார்கள். நெய்க்குறியோ, காகிதக் குவளையில், மின்விசிறிக்கு நேர் கீழே! காற்று அலைத்த எண்ணெய் பாம்பாக நீளாமல் என்ன செய்யும்? அதை வாதம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் கைக்கு எட்டிய எண்ணெய். நாக்கைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினால் போதுமாம். துண்டுச் சீட்டில் நூற்றுக்கு நூறு என்று அச்சடிக்கிறார்கள். நூற்றுக்கு நூறு என்ற சொல் என் ஆசான் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. காகிதக் குவளையை அனுமதித்த அன்றே தேரையர் வழி மலையிறங்கிவிட்டது என்பேன்.

மூன்று கூட்டங்களில் இதைச் சொல்லியும் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூடும்போது மறுபடி கேட்பேன். கண்ணாடிக் கிண்ணங்களை நானே கொண்டு வருகிறேன்.