மாலையைத் திருப்பிப் பாருங்கள்

அருப்புக்கோட்டை நெசவு ஊர். இங்கே சேலை எடுக்க வர்றவங்க முந்தியைப் பார்த்த கையோட துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்ப்பாங்க. இழை எங்கே அறுந்தது, எப்படி முடிச்சுப் போட்டிருக்குன்னு அங்கதான் தெரியும். அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் பாசிமாலை வாங்கும்போது மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கிறதில்லை. நானும் பார்க்கலை.

அக்கா மகளுக்கு ஒரு சிவப்புப் பாசிமாலை வாங்கினேன். திருச்சுழிக்குப் போய் இறங்குறதுக்குள்ள பிள்ளை கழுத்தைச் சொறிய ஆரம்பிச்சிடுச்சு. பின்கழுத்தில் மெல்லிசாக ஒரு ரத்தக்கோடு. மாலையைக் கழற்றி விரலால் தடவினால், கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியில் கம்பி முனை ஊசி மாதிரி நிற்குது.

நரிக்குறவர் கைவேலையைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டே விதம். ஒன்று, வண்ணத்தைப் புகழ்வது. 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் எம்.ஜி.ஆர். அந்த வேஷம் கட்டி ஆடினதிலிருந்து நம் மனசில் பாசிமணின்னா பாட்டும் பகட்டும்தான். இன்னொன்று, பரிதாபப்படுவது. 2023 தொடக்கத்தில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், பாவம், ஏதோ வாங்குவோம் என்கிற பேச்சு. இரண்டிலுமே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலை நடக்கலை. நல்லதை நல்லதுன்னும் குறையைக் குறைன்னும் சொல்லாம விட்டா, அவங்களைக் கைவினைஞராகவே நாம மதிக்கலைன்னுதான் அர்த்தம்.

சரி, எடுத்துப் பார்ப்போம். இந்த வகை மாலை நூலில் கோத்தது இல்லை. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு துண்டுக் கம்பி நுழைந்து, இரண்டு பக்கமும் குறட்டால் வளைந்து, அடுத்த மணியின் கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். 50 மணி இருந்தால் 100 கம்பி முனை. நூறில் 99 சரியாக இருந்து ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் கழுத்து அந்த ஒன்றைத்தான் கண்டுபிடிக்கும்.

முனை கெடுவது முதலில் வெட்டில். வெட்டுக் குறட்டின் வாய்க்கு ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் தட்டை. தட்டைப் பக்கம் மாலையைப் பார்த்து இருந்தால் முனை மட்டமாக வரும். திருப்பிப் பிடித்தால் உளி மாதிரிக் கூராக நிற்கும். அடுத்தது வளைவு. முக்கால் வட்டத்தில் விட்ட கண்ணியில் முனை வெளியே பார்க்கும், துணியை இழுக்கும், இழுத்தால் கண்ணியும் திறந்துவிடும். முழு வட்டம் வளைத்து, கழுத்துப் பகுதியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை அமுக்கிவிட்டால் அது அசையாது. இல்லையென்றால் முனையை மணியின் துளைக்குள்ளேயே தள்ளிவிடலாம். தோலில் படுகிற இடத்தில் மட்டும் அரத்தாலோ உப்புத்தாளாலோ நாலு இழுப்பு போதும். காதில் நுழையும் கம்பிக்கு இது கட்டாயம். முனை உருண்டையாக இல்லாவிட்டால் போடும்போதெல்லாம் காதுத்துளையின் உட்பக்கத்தைக் கீறும்.

ஒரே இடத்தை இரண்டு மூன்று தடவை வளைத்து நிமிர்த்தக் கூடாது. கம்பி விறைத்துப்போய் அங்கேயே முறியும், புதுசாக ஒரு கூர்முனை பிறக்கும்.

இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதா? மறு வாரம் மாலையைக் கொண்டுபோய் அந்தம்மாகிட்டயே காட்டினேன். வாங்கி விரலால் ஒரு தடவு தடவினாங்க. "இது கடைசியா அவசரத்துல மாட்டினது, குடுங்க"ன்னு சொல்லிக் குறட்டை எடுத்து, முனையை ஒரு மயிரளவு நறுக்கி, உள்பக்கமாக மடித்து, மணித்துளைக்குள் செருகினாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகலை. காசு வாங்கலை.

அந்த ஒரு நிமிஷம் நூறு முனைக்கு நூறு நிமிஷம். அன்றைக்கு நான் பேரம் பேசிக் குறைத்தது 20 ரூபாய். சுற்றவேண்டிய இரண்டு சுற்றை நானே கழித்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோணுது. அதுக்காகக் குறை குறையில்லைன்னு ஆயிடாது. பிள்ளை கழுத்தில் பட்டது பட்டதுதான். ஆனால் அந்தக் குறையில் என் பங்கும் இருக்கு.

இப்போ வாங்குமுன் ஒரு பழைய மெல்லிசுத் துணியை மாலையின் பின்பக்கம் நெடுக இழுத்துப் பார்க்கிறேன். மாட்டினால் அந்த இடத்தைக் காட்டிச் சரி பண்ணித் தரச் சொல்றேன். மாட்டலைன்னா, "முனை நல்லா முடிச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துடறேன். முதல் தடவை அப்படிச் சொன்னப்போ அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. கலர் நல்லா இருக்குன்னு சொன்னவங்க நிறைய பேர் இருந்திருப்பாங்க. முனையைப் பற்றி யாரும் சொன்னதில்லை போல.