மொத்தப் பதிவின் குணமும் குற்றமும்

வீராண ஏரியை நம்பி ஏறக்குறைய 45,000 ஏக்கர் விளையும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில், ஒவ்வொரு பசலி ஆண்டிலும் எந்தச் சர்வே எண்ணின் எந்த உட்பிரிவில் எவர் என்ன பயிரிட்டார் என்று சொல்லும் அடங்கல் வரிகளைக் கணினியின் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டுமாயின், ஒவ்வொன்றாக ஏற்றுவதா, மொத்தமாக ஏற்றுவதா என்பது வேகத்தைப் பற்றிய வினா மட்டுமே என்று நிரல் எழுதுவோர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து பாதியளவே சரி என்பது என் அபிப்பிராயம்.

மொத்தப் பதிவின் குணம் பிரத்தியட்சமானது. வரிக்கொரு இன்சர்ட் கட்டளை அனுப்பினால், ஒவ்வொன்றும் வலையமைப்பின் வழியே சென்று, சர்வரால் பகுக்கப்பட்டு, அதன் குறிப்பு வட்டில் பத்திரமான பின்னரே பதில் திரும்புகிறது. பல வரிகளை ஒரே கட்டளையில் கோத்து ஒரே பரிவர்த்தனையாக முடித்தாலோ, அச்சிரமம் அனேகமாக ஒருமுறையோடு தீர்ந்துவிடுகிறது. கோப்பிலிருந்து நேரே வாங்கிக்கொள்ளும் போஸ்ட்கிரஸின் காப்பி கட்டளை அதனினும் விரைவானது.

குற்றம் வெளிப்படுவது பிழை நேரும்போதுதான். பரப்பளவுக்குரிய பத்தியில் பயிரின் பெயர் விழுந்த ஒரே வரிக்காக, காப்பி கட்டளை இயல்பாகக் கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். இதற்கு அஞ்சி மைஎஸ்க்யூஎல்லில் 'இன்சர்ட் இக்னோர்' எழுதுவோர் உளர். அதை நான் பெருந்தீங்கென்றே கருதுகிறேன். இரட்டித்த வரியை விட்டுவிட்டும், பொருந்தாத மதிப்பைத் திரித்தும், வெறும் எச்சரிக்கையோடு அது மேலே சென்றுவிடுகிறது. சம்பா மூழ்கிய ஆண்டில் பயிர்க் காப்பீட்டுக்காக அடங்கல் கேட்டு வரும் உழவரிடம், உங்கள் உட்பிரிவு பதிவில் இல்லை என்று சொல்ல நேர்ந்தால், மிச்சமான நிமிடங்கள் அதற்கு ஈடாகா. இன்டெக்ஸ்களை நீக்கிவிட்டு, ஏற்றியபின் மீண்டும் கட்டுவது புதிய அட்டவணைக்கு நியாயமே. ஆயின் அடங்கல் வரி இரட்டிக்காமல் காக்கும் கட்டுப்பாட்டையும் வேகத்தின் பேரால் களைவது அநியாயம்.

ஆகவே தொகுதியின் எல்லையை இயந்திரத்தின் வசதி நிர்ணயிக்கலாகாது. கிராமமே நிர்ணயிக்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் குறுவட்டம் குறுவட்டமாகக் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சம்பிரதாயம், திருத்த வல்லவர் யாரோ அவர் பொறுப்பின் எல்லையே கணக்கின் எல்லை என்னும் விவேகத்தைக் கொண்டது. வரிகளை முதலில், எந்த மதிப்பையும் வெறும் உரையாகவே ஏற்கும் ஓர் இடைநிலை அட்டவணையில் காப்பியால் விரைந்து இறக்கி, அங்கே சோதித்து, கிராமத்துக்கு ஒரு பரிவர்த்தனையாக முதன்மை அட்டவணைக்கு மாற்றினால், பிழைபட்ட கிராமம் மட்டும், நிலத்தை நேரில் அறிந்த கிராம நிர்வாக அலுவலரிடம் திரும்பும். மற்றவை தடையின்றி ஏறும். இடைநிலை அட்டவணைக்கு இடமில்லாமல் நிரலிலிருந்தே நேராக ஏற்ற நேர்ந்தால், போஸ்ட்கிரஸ் ஒரு கட்டளைக்கு 65,535 அளவுருக்களுக்கு மேல் ஏற்காது என்பதால், 12 பத்திகள் கொண்ட அட்டவணையில் 5,461 வரிகளைத் தாண்டும் பெரிய கிராமத்துக்கு, பரிவர்த்தனையைப் பிளக்காமல் அதனுள்ளேயே இரண்டு மூன்று கட்டளைகளாகப் பகுத்துக்கொள்ளலாம்.