பழைய தந்தியின் குரல்

டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களில் என் காது முதலில் தேடிப் போவது ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரைத்தான். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரெசிஷன். அதில் பூட்டியிருந்தவை லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் தந்திகள். உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான உலோகப் பட்டை சுற்றியவை. விரல் உரசும் கீச்சொலி அவற்றில் மிகக் குறைவு. அறுந்தால் ஒழிய அவர் தந்தி மாற்றமாட்டார். கை எண்ணெயும் அழுக்கும் ஏற ஏற மேல்சுரங்கள் மங்கி, அடிநாதம் மட்டும் திரண்டு நிற்கும். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் இருந்த நுரைப்பஞ்சு கார்வையைச் சுருக்கிவிடும். மீட்டியதோ வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினால்! அந்தக் கனத்த, குறுகிய ஒலி கிக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு பாடகரின் குரலுக்கு இடம் விடுகிறது.

ராக் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் விரும்பிய, உருண்டைக் கம்பி சுற்றிய ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட் தந்திகளின் பளீரென்ற ஒலி ராக் இசைக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் பாட்டைத் தாங்க வேண்டிய மேடையில் என் ஓட்டு ஃபிளாட்வவுண்டுக்கே. ஒலியை மாற்றப் புது ஆம்ப்ளிஃபையருக்குப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் ஒரு செட் பூட்டிப் பாருங்கள். பல செட்களில் இழுவிசை கூடுதல். அதனால் பூட்டியதும் கிட்டார் கழுத்தின் வளைவைச் சரிபார்த்துவிடுங்கள்.