எலி வேண்டாம், வாளி போதும்

‘‘லேப் இல்லை. மைக்ரோஸ்கோப் ரிப்பேர். எலிக்கு அனுமதி வாங்கறதுக்குள்ள ரிடையராயிடுவேன். மூளையைப் பத்தி எப்படி சார் பாடம் நடத்தறது?’’ என்றார் ஒரு விலங்கியல் பேராசிரியர்.

நரம்பின் மின்துடிப்பைக் கணக்கில் பிடித்து 1952-ல் வெளியிட்ட ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி கையில் என்ன இருந்தது? ஊசிக்கணவாயின் தடித்த நரம்பில் எடுத்த அளவுகள், கைப்பிடியைச் சுற்றும் ஒரு கால்குலேட்டர். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி சுற்றிச் சுற்றியே கணக்கை முடித்தார். 1963-ல் நோபல். இன்று அதைப் பழைய லேப்டாப்பே நொடியில் போட்டுவிடும்.

புத்தகம்? கெர்ஸ்ட்னரும் மூன்று பேரும் எழுதிய ‘நியூரானல் டைனமிக்ஸ்’ (2014) இணையத்தில் முழுசாக இலவசம், பைதான் பயிற்சிகளோடு. நல்ல புத்தகம்தான். ஆனால், முதல் அத்தியாயத்திலேயே டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் எட்டிப் பார்க்கிறது. பத்தாவதோடு கணக்குக்கு டாட்டா சொன்ன மாணவி அங்கேயே மூடிவைத்துவிடுவாள்.

அவளுக்கு நான் ஓட்டை வாளியில் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் பத்து சதவிகிதம் ஒழுகட்டும், ஒரு லிட்டர் ஊற்று. எட்டு லிட்டரைத் தாண்டினால் ஒரு துடிப்பு, வாளி காலி. எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்... 16-வது தடவை துடிக்கும். வரம்பை 12 ஆக்கினால் ஜென்மத்துக்கும் துடிக்காது. நீர் பத்தைத் தாண்டவே தாண்டாது. ஏன் என்று அவள் கேட்டால், ஈக்வேஷன் சொல்லித்தர அதுதான் வேளை.

ஒரு ஆபத்து உண்டு. ஸ்க்ரீனில் இருக்கும் நியூரான் சொன்ன பேச்சைக் கேட்கும். நிஜ நியூரான் கேட்காது. கரப்பான்பூச்சியின் காலில் இரண்டு ஊசி, சின்ன ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இருந்தால் நிஜத் துடிப்பு படபடவென்று கேட்கும். அதைக் கேட்காமல் சிமுலேஷன் மட்டும் செய்தால், அது வெறும் வீடியோ கேம்.

வீடியோ பாடமும் தனியாகப் போதாது. 2020-ல் ஆன்லைனில் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமி, நாட்டின் வசதிக்கேற்ற கட்டணம் வைத்தது. அதைவிட முக்கியம், மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சந்தேகம் கேட்க ஆளுக்கு ஆள் தேடாமல், குழுவுக்கு ஓர் உதவி ஆசிரியரைப் போட்டது.

நம் கல்லூரியில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார், கணக்கு டிபார்ட்மென்ட்டில். பேராசிரியரிடம் சொன்னேன்: ‘‘எலியை விடுங்க சார். காரிடாரைத் தாண்டிப் போய் அவரோட ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.’’