பட்டியலில் வளர்ந்த பெருமிதம்

தன்வரலாறு எழுதுவோர் ‘வியந்தேன், வருந்தினேன்’ என்று சொல்வதனால் மட்டும் படிப்பவர் நெஞ்சில் மெய்ப்பாடு தோன்றிவிடாது. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இதற்கு நல்ல சான்று.

1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், 25 வயதினரான ஐயரை, என்னென்ன நூல்கள் கற்றீர் என வினவுகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் அல்லவா! அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பெயர்களை அடுக்குகிறார்; பின் காப்பியங்களுக்கு ஏறுகிறார். பட்டியல் நீள நீள இளைஞரின் மிடுக்கும் வளர்கிறது. பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களுள் கல்வியை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். முதலியார் மறுமொழியோ மிகச் சிறிது: இவற்றால் என்ன பயன் என்பதே. நீண்ட பட்டியலும் குறுகிய மறுமொழியும் மோதுமிடத்தில் பெருமிதம் இளிவரலாகிறது.

இச்சந்திப்பால் விளைந்த நன்மையை அத்தியாயத் தொடக்கத்திலேயே ஐயர் சொல்லிவிடுகிறார். அதைச் சிறு குறை எனலாம். ஆயினும் உரையாடலுக்குள் புகுந்தபின், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பேரறிஞர் அங்கே தலைகாட்டுவதில்லை. எண்பது வயதைக் கடந்து எழுதும் முதியவர், அவ்விளைஞரின் அறியாமையைக் கண்டு நகைப்பதுமில்லை. அவருக்காகப் பரிந்து பேசுவதுமில்லை. அதனாலேயே அந்த நாணம் படிப்பவருடையதும் ஆகிவிடுகிறது.