பழியும் விலங்கும்: இலக்கியங்கள் வழி ஒரு நோக்கு

உடுப்பிட்டி முதலிய வடமராட்சிக் கிராமங்களிலே யானையுமில்லை, சிறுத்தையுமில்லை. அங்கு மனித உயிரைக் கவரும் காட்டுயிர் பாம்பேயாம். தோட்டத்திலோ வளவிலோ ஒருவர் புடையன் தீண்டி இறந்துவிடின், தீண்டிய பாம்பைத் தேடி அடிப்பதோடு அயலார் அமைவதில்லை. பற்றைகளை வெட்டிப் புற்றுகளை இடித்து, நஞ்சற்ற சாரை உட்பட அகப்பட்டவற்றையெல்லாம் கொன்று ஓய்வதுமுண்டு. நாகர்கோவில் நாகதம்பிரானைக் கைகூப்பித் தொழுவோரும் இம்மக்களே. இம்முரண்பாட்டை அறியாமையென்று ஒதுக்கிவிடுதல் எளிது. அதன் அடியிலுள்ள வினாவை எதிர்கொள்ளலே ஆய்வாளர் கடன். உயிரைக் கவர்ந்த விலங்கின்மீது பழிதீர்த்தல் தகுமா? நம் இலக்கிய மரபு இதற்குத் தரும் விடை யாது?

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தற்காப்பு வேறு, பழிவாங்கல் வேறு. கொங்கு நாட்டிலே புலிகுத்திக் கற்கள் எனப்படும் நடுகற்கள் பல உள. ஆநிரையையும் ஊரையும் காக்கப் புலியோடு பொருத வீரர்க்கு எடுக்கப்பட்டவை அவை. பாய்ந்துவரும் புலியின் எதிரே நின்றவனையே அக்கற்கள் போற்றுகின்றன. தற்காப்பை நம் மரபு ஒருபோதும் பழித்ததில்லை. ஆபத்து நீங்கிய பின்னர், இழப்பின் வெம்மையால் நிகழும் கொலையே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

அத்தகைய கொலைக்குப் பேருருவம் தந்த கதை சனமேசயனின் சர்ப்பயாகம். தந்தை பரீட்சித்து தக்ககனால் தீண்டப்பட்டு மாண்டமைக்காக, மகன் பாம்புக் குலம் முழுவதையும் வேள்வித்தீயில் வீழ்த்தத் துணிகிறான். எண்ணற்ற நாகங்கள் வெந்தழிகின்றன. ஆயின் ஆத்திகன் வந்து வேள்வியைத் தடுத்தபொழுது, குற்றவாளியாகிய தக்ககன் உயிரோடிருக்கிறான். பழி உரியவனைத் தப்பவிட்டு அவன் இனத்தை எரித்தது. அவ்வேள்விக் களத்திலேயே வைசம்பாயனர் பாரதக் கதையை உரைத்தார் என்பது காவியத்தின் அமைப்பு. குலத்தைக் குலம் அழித்த கதையைக் கேட்டிருந்தவன், தானும் ஒரு குலத்தை அழித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு எதிர்நிலையில் அநுசாசன பருவத்துக் கௌதமி நிற்கிறாள். மகனைத் தீண்டிய பாம்பைப் பிடித்துவந்த வேடன், அதனை எவ்வாறு கொல்லலாம் என்று வினவ, அதைக் கொல்வதால் மகன் மீளான் என்று அத்தாய் மறுத்துவிடுகிறாள். பாம்பு தன்னைக் கூற்றுவனின் கருவியென்கிறது; கூற்றுவன் காலத்தைச் சுட்டுகிறான்; காலமோ வினையைச் சுட்டுகிறது. ஊழ்க்கோட்பாட்டை ஏலாதாரும் இதன் உட்பொருளை ஏற்கலாம்: பாம்பிடம் பகைமை இல்லை. அடிபட்ட நாகம் நினைவில் வைத்துப் பழிவாங்கும் என்னும் நம் ஊர் நம்பிக்கை, நம் மனத்தை நாகத்தின்மீது ஏற்றிக் கூறுவதே. விலங்கைப் பழிவாங்க விழைவோன் முதலில் அதனை மனிதனாக்கிக் கொள்கிறான்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை பழியின் அவசரத்தைக் காட்டுகிறது. கீரிப்பிள்ளையைக் கொன்ற மனையாளை விட்டுக் கணவன் வடதிசை சென்ற செய்தியை இளங்கோவடிகள் சுருங்க உரைக்கிறார். பஞ்சதந்திரக் கதை அதனை விரிக்கும்: குழந்தையைப் பாம்பினின்றும் காத்த கீரியின் குருதிதோய்ந்த வாயைக் கண்ட தாய், அதுவே குழந்தையைக் கொன்றதென எண்ணி அதனை அடித்துக் கொன்றாள். துயரம் சான்று கேட்பதில்லை. இங்கு அது காத்தவனையே கொன்றது.

பெரியபுராணத்து மனுநீதிச் சோழனையும் இவ்விடத்து நோக்குதல் தகும். கன்றைத் தேர்க்காலிலிட்ட மைந்தன்மீது தேரூர்ந்தான் அரசன். மனிதன் விலங்குக்கு இழைத்த தீங்கு குற்றமாயிற்று. விலங்கு மனிதனுக்கு இழைப்பதோ அவ்வாறு ஆவதில்லை. அறம் அறியவல்லவனிடமே அறம் வேண்டப்படும். இச்சமனின்மை மனிதனுக்கு இழுக்கன்று. அவன் பெருமைக்கு அதுவே அடி.

ஆயினும் ஒரு தடை எழும். ஆபத்தறியா இடத்திலிருந்து கொண்டு, ஆபத்தினிடையே வாழ்வோர்க்குக் கருணை போதிப்பது நேர்மையாகுமா? தடை வலிதே. 2018 யூன் மாதம் குடாநாட்டுக்குத் தெற்கே கிளிநொச்சி அம்பாள்குளத்திலே புகுந்த சிறுத்தையொன்று பத்துப் பேர் வரையிற் காயப்படுத்தியது. அவருள் வனசீவராசிகள் அலுவலர் ஒருவரும் அடங்குவர். இறுதியில் ஊரவர் அதனை அடித்துக் கொன்றனர். அச்சம் மெய்யானது, அதனை நாம் மறுக்கோம். ஆனால் அக்காட்சி படம்பிடிக்கப்பட்டுப் பரப்பப்பட்டமை தற்காப்பினுள் அடங்காது. பின்னர்ச் சிலர் கைதாயினர். பழிக்குப் பழியாய்ச் சட்டமும் வந்தது.

நீலகிரி மசினகுடியில் நிகழ்ந்தது வேறு. நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ரி-23 என்னும் புலியை உடனே கொல்லவேண்டாமெனச் சென்னை உயர் நீதிமன்றம் கூற, பல நாள் தேடலின் பின் 2021 ஒக்டோபர் 15ஆம் நாள் அது உயிரோடு பிடிக்கப்பட்டு மைசூரில் பராமரிக்கப்பட்டது. ஊரவரின் அச்சமும் நீங்கியது, புலியும் பிழைத்தது. அங்குள்ள மக்கள் கருணையில் உயர்ந்தவர் என்பதன்று காரணம். காக்கும் பொறுப்பை அரசு ஏற்றுச் செயற்பட்டமையே காரணம். காவலற்ற மக்களிடம் கௌதமியின் பொறுமையை வேண்டுவது கொடுமை. அவள் மறுப்பு அவளாகத் தேர்ந்தது. பிறர் அவள்மீது சுமத்தியதன்று.

எனவே, பழிதீர்த்தல் தகாது என்பதே நாம் காணும் முடிபு. ஆனால் அம்முடிபு துயருற்றோரை நோக்கிய கண்டனமாக மட்டும் நின்றுவிடலாகாது. உடுப்பிட்டியில் ஒருவர் பாம்பு தீண்டி இறந்தாரெனில், இறந்தாருக்கு நாம் கடன்பட்டிருப்பது சாரைகளின் உயிரை அன்று. இருளில் நடப்பார்க்கு விளக்கும், காலுக்குச் செருப்பும், தீண்டப்பட்டவரைத் தாமதமின்றி நஞ்செதிர்ப்பு மருந்துள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல ஊர்தியுமே அக்கடன். சனமேசயன் வேள்வி வளர்த்தான், பரீட்சித்து மீளவில்லை. அடுத்த பிள்ளையைக் காப்பதே இறந்த பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய நீதி.