‘ஜெய்பீம்’: குறவர் எங்கே?

‘ஜெய்பீம்’ படத்தைக் கண்டோர் பலர். கண்ணீர் வடித்தோர் பலர். 2021 நவம்பரில் அது வெளிவந்த நாள்தொட்டு, இருளர் என்னும் பெயர் ஏடுகளிலும் மேடைகளிலும் ஒலித்தது. நல்லதே. சிறைவாயிலில், விடுதலையாகி வருவோரை நிறுத்திச் சாதி கேட்டு, நாதியற்றவரை மட்டும் ஒருபுறம் ஒதுக்கி, தீராத பழைய வழக்குகளை அவர்தம் தலையில் கட்டும் முதற்காட்சி ஒன்றே போதும், இயக்குநர் ஞானவேலின் நெஞ்சுரத்துக்குச் சான்று கூற. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. கேட்பது வேறொன்று.

படத்துக்கு மூலமான வழக்கு நம் கடலூர்ப் பகுதி வழக்கு. 1993 மார்ச்சில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டுப் பழி சுமத்தி இழுத்துச் செல்லப்பட்ட ராசாக்கண்ணு, உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்றது காவல்துறை. அவர்தம் மனைவி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவை ஏற்று நடத்தினார். இத்தனையும் படத்தில் உண்டு. ஒன்று மட்டும் இல்லை. ராசாக்கண்ணு இருளர் அல்லர், குறவர்.

கதைக்காக மாற்றினர், அதனால் என்ன என்பர் நண்பர் சிலர். ஊரை மாற்றலாம், ஆண்டை மாற்றலாம். கலைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் குலத்தை மாற்றும்போது குற்றத்தின் காரணமே மாறிவிடுகிறது, தோழர்களே! 1871இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கிற்று. 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது புகுந்தது. குறவர் பிரிவுகள் பல அதில் சிக்கின. 1947இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, காவல் நிலையத்துப் பழக்கம் ஒழிந்ததா? எங்கோ நகை களவுபோனால் முதலில் தேடப்படுவது குறவர் குடிசை. தினைப்புனத்து வள்ளிக்குச் சிலை வடித்து, குறவஞ்சி பாடி அரங்கேற்றி மகிழ்ந்த நாடு இது. குறவர் வீட்டுக் கதவை உதைக்க மட்டும் அதன் கால் கூசவில்லை. படத்திலோ, பாம்பு பிடிக்கப் போன வீட்டில் நகை காணாமற் போனதால் ராசாக்கண்ணுவின்மேல் ஐயம் எழுகிறது. ஒரு நூற்றாண்டு வரலாறு அங்கே ஒரு தற்செயலாகச் சுருங்கிப் போயிற்று.

ஒரு மக்கள் தொகுதியை யார் என்று சொல்ல வேண்டியவர் யார்? உலக மன்றங்களும் இதைத்தான் நெடுநாள் விவாதித்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1957ஆம் ஆண்டு 107ஆம் ஒப்பந்தம், பழங்குடியினரைப் பெருஞ்சமூகத்தோடு கரைத்துவிட எண்ணிற்று. அதனை இந்தியா 1958இல் ஏற்றது. அதே அமைப்பு 1989இல் தன் எண்ணத்தைத் திருத்தி 169ஆம் ஒப்பந்தத்தைச் செய்தது. தம்மைத் தாம் யாரென்று உணர்ந்து கூறுவதே அடிப்படை அளவுகோல் என்றது. அதனை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. 2007 செப்டம்பர் 13இல் ஐக்கிய நாடுகள் பொது அவை பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பழங்குடிகளின் மண்ணைப் பறித்து எழுந்த நாடுகள் அல்லவா! (பின்னர் நான்கும் மனம் மாறின.) இந்தியா ஆதரித்தே வாக்களித்தது, ஆனால் விடுதலைக்குப் பின் இந்நாட்டார் அனைவருமே பழங்குடியினர்தாம் என்றொரு விளக்கத்தோடு! டெல்லி மாளிகையில் வாழ்வோரும் பழங்குடி, கம்மாபுரத்தில் அடிபட்டுச் செத்தவரும் பழங்குடி. என்னே சமத்துவம்!

தம் அடையாளத்தைத் தாமே வரையறுக்கும் உரிமை பழங்குடி மக்களுக்கு உண்டு என்கிறது அப்பிரகடனத்தின் 33ஆம் பிரிவு. இங்கே வரையறுப்பது பட்டியல். தமிழ்நாட்டில் குறவன் என்றால் பட்டியல் சாதி. குறவருள் வேறு பல பிரிவுகள் சீர்மரபினர். மலக்குறவன் என்றால் பழங்குடி. எந்தப் பெயர் எந்தத் தாளில் ஏறிற்று என்பதைப் பொறுத்து வாழ்வு மாறுகிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதன் பொருள் நன்கு தெரியும். சான்றில்லாத பிள்ளைக்குக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் இல்லை. அறிவிருந்தும் அந்த வாயிலில் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு எந்தக் கதாநாயகனும் வழக்காட வருவதில்லை.

பட்டியலில் பழங்குடியாகவே உள்ள இருளருக்கும் படம் முழு நன்மை செய்ததா? திரையில் இருளர் எலி பிடிக்கிறார், பாம்பு பிடிக்கிறார். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் சென்று பாருங்கள். அலையாத்திக் காட்டின் கழிநீரில் இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் அங்கே உள்ளனர். பாம்பைக் கையில் ஏந்தியவரே இருளர் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊன்றிவிட்டால், இந்த மீன்பிடி இருளர் எதைக் காட்டிச் சான்று பெறுவர்?

வழக்கறிஞர் வருமுன் கம்மாபுரத்தில் துணை நின்ற பொதுவுடைமைத் தோழர்களைப் படம் அடியோடு மறக்கவில்லை, செங்கொடி தெரிகிறது. ஆனால் நாயகன் நுழைந்தபின் அக்கொடி பின்னணித் துணியாகிவிடுகிறது. நடிப்பில் செங்கேணியாக வரும் லிஜோமோல் ஜோஸ் சிறப்பு; அவர் மௌனமாக நிற்கும் இடங்களில் வசனகர்த்தா தோற்கிறார், அதுவே படத்தின் வெற்றி.

படம் வெளிவந்த இரண்டே நாளில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முதலமைச்சர் ஸ்டாலின் நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். பெயர் சொல்லப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? ராசாக்கண்ணுவின் குறவரும் அப்படிப் பெயர் சொல்லப்பட வேண்டியவர்களே. நம் வாசகசாலைகளிலே ‘ஜெய்பீம்’ திரையிடும் தோழர்கள், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, கம்மாபுரம் வழக்கின் உண்மை வரலாற்றையும் அரைமணி நேரம் எடுத்துரைக்கட்டும்.